ஏ8-ல் மாட்டிய மந்திரி

"டிங் லிரென் விட்டுக் குடுத்தார், குகேஷ் வாங்கிக்கிட்டார், அவ்ளோதான்."

2024 டிசம்பர் 12-ஆம் தேதிக்கு அப்புறம் இந்த ஒரு வரியை எத்தனை பேர் எத்தனை விதமா சொல்லிக் கேட்டாச்சு. எங்க திருத்தணி டீக்கடையில் ஆரம்பிச்சு ரஷ்யா வரைக்கும் இதே பேச்சுதான். ரஷ்ய செஸ் சம்மேளனத்தின் தலைவர் ஆந்த்ரேய் ஃபிலாடோவ் ஒரு படி மேலே போய், டிங் வேணும்னே தோத்த மாதிரி இருக்கு, ஃபிடே விசாரிக்கணும் என்றார். முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக், இது சின்னப்பிள்ளைத்தனமான தப்பு, நாம அறிஞ்ச செஸ் இதோட முடிஞ்சுபோச்சுங்கிற மாதிரி எழுதினார். ஃபிடே தலைவர் துவோர்கோவிச், தப்பு இல்லாம விளையாட்டே கிடையாதுங்கிற தொனியில் பதில் சொல்லி அந்தப் பேச்சை முடித்து வைத்தார்.

கடைசித் தப்பு டிங் செய்ததுதான், அதில் சந்தேகமே வேண்டாம். 55-ஆவது நகர்த்தலில் நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் காட்டினால் புரியும். ஆனா அந்தத் தப்பு 55-ல் பிறக்கலை. அது எங்கே பிறந்தது, யார் அதுக்குத் தொட்டில் கட்டினது, தப்பு நடந்ததும் எதிரே உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்தாரா இல்லையா, இது மூணையும் பார்க்காம "விட்டுக் குடுத்துட்டான்"னு சொல்றது நியாயமில்லை. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல ஒரு சின்ன விஷயம். ரூக்கை நான் யானைன்னும் பிஷப்பை மந்திரின்னும் எழுதறேன். கோட்டை, அமைச்சர்னு பழகினவங்க மனசுக்குள்ள மாத்திப் படிச்சுக்குங்க. கட்டங்களுக்கு வழக்கம்போல ஏ-யிலிருந்து எச் வரைக்கும் எட்டு வரிசை, 1-லிருந்து 8 வரைக்கும் எண்.

மேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி, எங்க ஊர்க்காரங்களுக்கே உரிய ஒரு குசும்பு. குகேஷ் ஜெயிச்ச அன்னிக்கே ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, "நம்ம தெலுங்குப் பையன்"னு வாழ்த்தினார். ஸ்டாலினோ சென்னைதான் செஸ்ஸின் தலைநகர்னு நிரூபணம் ஆச்சுன்னு வாழ்த்தி, தமிழ்நாடு அரசு சார்பில் 5 கோடி ரூபாய் பரிசும் அறிவித்தார். உடனே இணையத்தில் தமிழா தெலுங்கான்னு சண்டை. திருத்தணிக்காரனுக்கு இது புதுசா என்ன? 1888-ல் இங்கே ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனைப் பத்தியே இந்த இழுபறி இருக்கு. ஊரே இழுபறியில் இருந்த ஊர். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்தின வடக்கெல்லைப் போராட்டம், அதுக்கப்புறம் படாஸ்கர் தீர்ப்பு, அப்புறம் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. ஒரு வீட்டில் ரெண்டு மொழி பேசறது இங்கே சாதாரணம். குகேஷ் வீட்டில் தெலுங்கு, பிறந்து வளர்ந்து படிச்சது சென்னை. எங்களுக்கு அது முழுசாப் புரியும், யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சண்டை போடறவங்க ஒரு தடவை மலையேறி தணிகைவேலனைக் கும்பிட்டுட்டு, படியில் இறங்கும்போது காதைத் தீட்டிக் கேட்டுப் பார்க்கட்டும் :-)

சரி, ஆட்டம்.

சிங்கப்பூர் செந்தோசாவில் 14 ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் டிங் ஜெயித்தார், மூணாவதில் குகேஷ். அப்புறம் வரிசையா டிரா. 11-ஆவதில் குகேஷ், மறுநாள் ஆட்டமான 12-லேயே டிங் பதிலடி. 13 டிரா. ஆக 6.5 - 6.5. கடைசி ஆட்டம் திருக்கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள், நம்ம நேரம் மதியம் ரெண்டரைக்கு ஆரம்பிச்சது. டிங்குக்கு வெள்ளை. டிரா ஆனா மறுநாள் ரேபிட் டைபிரேக். 2023-ல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியை டிங் ரேபிடில்தான் ஜெயிச்சு சாம்பியன் ஆனார். அதனால ரேபிட் வரைக்கும் இழுத்துட்டுப் போனா டிங் கை ஓங்கும்னுதான் பெரும்பாலானவங்க கணக்கு. டிங்கோட கணக்கும் அதுதான்னு அந்த ஆட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

வெள்ளைக் காய் வெச்சிருக்கறவர் முதல் அடி எடுத்து வைக்கிறவர். ஆனா டிங் அன்னிக்குத் தன் சாதகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுட்டே வந்தார். 29-ஆவது நகர்த்தலில் பி வரிசைச் சிப்பாயை பி4-க்குத் தள்ளி வலிய பலி கொடுத்தார். குகேஷின் ராணி அதை வெட்ட, ராணியும் ராணியும் மாறின. அடுத்த ரெண்டு நகர்த்தலில் ஒரு ஜோடி யானையும் போச்சு. மிச்சம்: ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. சிப்பாய்கள் டிங்குக்கு ரெண்டு, குகேஷுக்கு மூணு. எல்லாம் ஒரே பக்கத்தில், ராஜாவோட பக்கத்தில்.

இது புத்தகப்படி டிரா. டிங் கணக்குப் போட்டது தப்பே இல்லை. ஒரு சிப்பாய் குறைஞ்சாலும் எல்லாம் ஒரு பக்கமா இருந்தா காப்பாத்திடலாம்னு எந்த கிராண்ட்மாஸ்டரும் சொல்வார். ஆனா என்னைக் கேட்டா, அன்றைய முதல் தப்பு இந்த 29-ஆவது நகர்த்தல்தான். கம்ப்யூட்டர் இதைத் தப்புன்னு சொல்லாது. மனுஷன் சொல்லணும். எப்படின்னா, இதுக்கப்புறம் இந்த ஆட்டத்தில் தோக்கறதுக்கு ஒரே ஒருத்தருக்குத்தான் வாய்ப்பு. குகேஷ் எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆடலாம், அவருக்கு நஷ்டமே வராது. டிங் மட்டும் ஒவ்வொரு நகர்த்தலிலும் சரியா இருக்கணும். அதுவும் மூணு வாரம், 13 ஆட்டம் ஆடி முடிச்ச உடம்போடவும் மனசோடவும். போதாததுக்குக் கடிகாரத்திலும் டிங்தான் பின்தங்கியிருந்தார். இப்படி ஒரு வேலையை எதிராளி கையில் இருந்து வாங்கித் தானே தலையில் வெச்சுக்கிட்டார் டிங்.

அடுத்து நடந்தது பார்க்கறதுக்கு போரடிக்கும். யானை இங்கே, யானை அங்கே. ராஜா முன்னே, ராஜா பின்னே. நேரலையில் பேசிட்டிருந்த வர்ணனையாளர்களே நாளைய டைபிரேக் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. குகேஷ் மட்டும் எழுந்திருக்கலை. 45, 46-ல் ஒரு ஜோடி சிப்பாய் மாறி, டிங்குக்கு ஜி3-ல் ஒண்ணே ஒண்ணு, குகேஷுக்கு எஃப்5-லும் ஜி4-லும் ரெண்டு. இப்பவும் டிராதான். இன்னும் சுலபமான டிரான்னே சொல்லலாம்.

டிங்கின் மந்திரி 44-ஆவது நகர்த்தலில் இருந்து பி7-ல் நின்னுட்டிருந்தது. நல்ல இடம். அங்கேயிருந்து ரெண்டு மூலைவிட்டம் அதுக்குத் திறந்திருக்கு. ஒரு பக்கம் ஏ8-லிருந்து எச்1 வரைக்கும் போற நீள வழி. இன்னொரு பக்கம் ஏ6, சி8 வழி. ஒண்ணு அடைபட்டா இன்னொண்ணு.

52-ஆவது நகர்த்தலில் குகேஷ் தன் யானையை டி2-லிருந்து பி2-க்குக் கொண்டுவந்தார். பெரிசா ஒண்ணுமில்லை, மந்திரியை ஒரு தட்டு தட்டினார். அது நகரணும். டிங் நகர்த்தினார், எங்கே? ஏ8. ஓரத்து மூலை. பாதுகாப்பான இடம்தான், யாரும் அங்கே போய் அதைத் தொட முடியாது. ஆனா மூலையில் இருக்கற மந்திரிக்கு ஒரே ஒரு வழிதான். அந்த வழியில் யாராவது குறுக்கே வந்து நின்னா?

என் பார்வையில் ஆட்டத்தின் வித்து இதுதான். 53-ஆவது நகர்த்தல். இதுவும் தப்புன்னு கம்ப்யூட்டர் சொல்லாது, ஏன்னா இன்னும் டிராதான். ஆனா அதுவரைக்கும் தப்பா இல்லாத ஒரு நகர்த்தல், இந்த மந்திரி ஏ8-ல் போய் உட்கார்ந்ததும் தோல்வி நகர்த்தலா மாறிடுச்சு. அதுதான் யானை மாற்றம்.

குகேஷ் ராஜாவை எஃப்6-க்குக் கொண்டுவர, டிங்கின் யானை எஃப்4-க்கு வந்தது. குகேஷ் ராஜா ஈ5-ல் ஏறி அந்த யானையை முறைத்தது. ஜி3 சிப்பாய் காவல் இருக்கறதால ராஜா அதை வெட்ட முடியாது, சும்மா ஒரு கேள்விதான். டிங் யானையை ஏ4-க்குத் திரும்பக் கொண்டுபோயிருக்கலாம், ஒண்ணும் ஆகியிருக்காது. அவர் அதை எஃப்2-க்கு இறக்கினார். வா, மாத்திக்கலாம்னு.

செஸ் வகுப்பில் முதல் வருஷமே சொல்லித் தர்ற ஒரு பாடம் இருக்கு. சிப்பாய் அதிகம் வெச்சிருக்கறவன் காய்களை மாத்தணும், சிப்பாய் குறைவா இருக்கறவன் சிப்பாய்களை மாத்தணும். டிங்குக்குத் தெரியாததா? எல்லாம் மாறிட்டா நிம்மதியா கை குலுக்கிட்டுப் போகலாம்ங்கிற களைப்பு. 29-ஆவது நகர்த்தலில் ராணியை மாத்தின அதே மனசுதான் 55-ல் யானையையும் மாத்துச்சு. ஒரே ஆசை, ரெண்டு தடவை. முதல் தடவை அதுக்கு விலை ஒரு சிப்பாய். ரெண்டாவது தடவை பட்டம்.

இப்போ ரொம்ப முக்கியமான இடம். நேரலை பார்த்துட்டிருந்த நமக்கெல்லாம் திரையோரத்தில் ஒரு பட்டை இருக்கு. வெள்ளை எவ்வளவு, கருப்பு எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் காட்டும். டிங் யானையிலிருந்து கையை எடுத்த அடுத்த நொடி அந்தப் பட்டை கருப்பு பக்கம் சரிஞ்சது. கோடிப் பேருக்கு ஒரே நேரத்தில் தெரிஞ்சது, குகேஷ் ஜெயிக்கலாம்னு. அந்தக் கோடியில் சேராத ரெண்டு பேர் போர்டு முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க.

ஆட்டம் முடிஞ்ச பிறகு பத்திரிகையாளர் சந்திப்பில் குகேஷே சொன்னார்: யானை எஃப்2-க்கு வந்தப்போ அவருக்கு உடனே உறைக்கலை, தன் யானையை பி3-க்கு நகர்த்தவே போயிட்டாராம். மாத்தாம விலகிப் போறது. அப்படிப் போயிருந்தா ஆட்டம் பழையபடி டிரா. நாமெல்லாம் மறுநாள் ரேபிட் பார்த்திருப்போம். கையை நீட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை போர்டைப் பார்த்தார். அப்போதான் ஏ8-ல் உட்கார்ந்திருக்கற மந்திரி கண்ணில் பட்டது. அந்தக் காணொளியைப் பாருங்க. கண்ணு விரியும். ஒரு சிரிப்பு வந்து அடங்கும். தண்ணி குடிப்பார். உடனே ஆடிடலை, உட்கார்ந்து சரிபார்த்தார். அப்புறம்தான் வெட்டினார்.

யானை யானையை வெட்ட, வெள்ளை ராஜா திருப்பி வெட்ட, 56-ஆவது நகர்த்தல்: கருப்பு மந்திரி ஈ6-லிருந்து டி5-க்கு. இதுதான் வெற்றி நகர்த்தல். ஏ8 மந்திரியின் ஒரே வழியில் குறுக்கே போய் நின்னாச்சு. பி7-க்குப் போனாலும் வெட்டு, சி6-க்குப் போனாலும் வெட்டு. அங்கேயே நின்னாலும் வெட்டு. ஆகவே டி5-ல் தானே வெட்டணும், கருப்பு ராஜா பக்கத்திலேயே ஈ5-ல் தயாரா நிக்குது, திருப்பி வெட்டும். மந்திரியும் காலி. மிச்சம் ராஜாவும் சிப்பாயும் மட்டும்.

57-ல் அந்த மாற்றம். 58-ல் டிங்கின் ராஜா ஈ3. குகேஷ் ராஜா ஈ5. ரெண்டு ராஜாவும் நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர். நகர வேண்டியது வெள்ளை. இந்த நிலையில் யார் முதலில் நகர்றாரோ அவருக்குத்தான் கஷ்டம், வழிவிட்டே ஆகணும். டி3-க்கு விலகினா எஃப் சிப்பாயைத் தள்ளி உடைக்கலாம். எஃப்2-க்குப் பின்வாங்கினா கருப்பு ராஜா பக்கவாட்டில் நுழைஞ்சு ஜி3 சிப்பாயைப் பிடிச்சிடும். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7.5 - 6.5. குகேஷுக்கு வயசு 18, உலக சாம்பியன் வரிசையிலும் 18-ஆவது ஆள். அதுக்கு முன்னாடி 1985-ல் காஸ்பரோவ் 22 வயசில் ஜெயிச்சதுதான் சாதனை. குகேஷ் அழுதுகிட்டே காய்களைத் திரும்பவும் ஆரம்ப நிலையில் அடுக்கினதை நீங்களும் பார்த்திருப்பீங்க.

என் கேள்வி இதுதான். அந்த பி3 போயிருந்தா, யானையை எஃப்2-க்கு இறக்கினதை யாராவது இன்னிக்கு ஞாபகம் வெச்சிருப்பாங்களா? ஒரு நகர்த்தல் தப்பா இருக்கறது ஒரு பாதி. எதிராளி அதைப் பார்க்கறது மறு பாதி. மறு பாதி நடக்காமலே போன கதையும் நம்ம சென்னைக்காரர் கதைதான்.

2014 நவம்பர், ரஷ்யாவின் சோச்சி. ஆனந்தும் கார்ல்சனும் ரெண்டாவது முறையா பட்டத்துக்கு மோதறாங்க. அஞ்சு ஆட்டம் முடிஞ்சு 2.5 - 2.5. ஆறாவது ஆட்டத்தில் வெள்ளை வெச்சிருந்த கார்ல்சன் நல்லா அமுக்கிட்டிருந்தார். 26-ஆவது நகர்த்தலில் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார். நகர்த்தின உடனேயே அவருக்கே தெரிஞ்சுபோச்சு, தப்புன்னு. ஆனந்த் குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டியிருக்கணும். கார்ல்சன் பதிலுக்கு ஜி8-ல் யானையை எடுத்தாலும், குதிரை சி4-ல் இன்னொரு சிப்பாயை செக்கோட வெட்டி, இன்னொரு செக் குடுத்து, அப்புறம் யானையைத் திருப்பி எடுத்துக்கலாம். ரெண்டு சிப்பாய் லாபம்.

ஆனந்த் என்ன பண்ணார்? ஏற்கெனவே மனசில் வெச்சிருந்த நகர்த்தலை ஆடினார். ஏ சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். ஒரு நிமிஷம்கூட யோசிச்சிருக்க மாட்டார். ஆடி முடிச்சதும்தான் அவருக்கும் தெரிஞ்சது. கார்ல்சன் பெருமூச்சு விட்டுட்டு அந்த ஆட்டத்தையும் ஜெயிச்சார், போட்டியையும் 6.5 - 4.5-ன்னு ஜெயிச்சார். பரிசு வரும்னு எதிர்பார்க்காதப்போ அதை எடுத்துக்காமலே போயிடறோம்ங்கிற பொருள்படச் சொன்னார் ஆனந்த். அது வெறும் சமாதானம் இல்லை. ஆட்டம் முழுக்க கஷ்டப்பட்டுத் தடுத்துட்டிருக்கறவன் அடுத்த இடி எங்கே விழும்னுதான் பார்த்துட்டிருப்பான். வாசல்ல பணமுடிப்பு கிடந்தாலும் தாண்டிப் போயிடுவான்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. சோச்சியில் ஆனந்தின் உதவிக் குழுவில் இருந்த போலந்து கிராண்ட்மாஸ்டர் கயேவ்ஸ்கிதான் பத்து வருஷம் கழிச்சு சிங்கப்பூரில் குகேஷின் பயிற்சியாளர். அந்த 26-ஆவது நகர்த்தலை அவர் மறந்திருப்பார்னு எனக்குத் தோணலை.

அதுக்கு முந்தின வருஷம் சென்னை. 2013 நவம்பர், ஹயாத் ரீஜென்சி. சொந்த ஊரில் ஆனந்த் 3 - 5-ன்னு பின்தங்கியிருந்தார். ஒன்பதாவது ஆட்டம், 21-ஆம் தேதி. ஜெயிச்சே ஆகணும்னு வெள்ளைக் காயோட ஒரே பாய்ச்சல். ராணி எச்6-ல் போய் உட்கார்ந்தாச்சு. யானை எஃப்4-ல். அடுத்து எச்4-க்கு யானை வந்தா எச்7-ல் மேட். அந்தப் பக்கம் கார்ல்சனின் சிப்பாய் பி1-ல் போய் ராணியா மாறி செக் வைக்குது. தடுக்க ரெண்டு வழி: மந்திரியை எஃப்1-க்கு வைக்கலாம், குதிரையை எஃப்1-க்கு வைக்கலாம்.

ஆனந்த் குதிரையை எடுத்தார். ஜி3-ல் இருந்த குதிரை. அது அங்கே நின்னவரைக்கும் ஈ1-லிருந்து எச்4 போற மூலைவிட்டத்தை மறைச்சுட்டிருந்தது. அது விலகினதும் வழி திறந்தது. கார்ல்சன் புது ராணியை ஈ1-க்கு நகர்த்தினார். இப்போ யானை எச்4-க்கு வந்தா அந்த ராணியே வெட்டிடும். மேட் இல்லை, ஒண்ணும் இல்லை. ஆனந்த் அங்கேயே கை குலுக்கிட்டார். மந்திரியை வெச்சிருந்தா கார்ல்சன் ராணியையே பலி குடுத்துத்தான் மேட்டைத் தடுக்க முடியும், சண்டை தொடர்ந்திருக்கும். மறுநாள் ஒரு டிராவோட பட்டம் கார்ல்சனுக்குப் போச்சு. 6.5 - 3.5.

அந்தப் போட்டியில் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துட்டிருந்த கூட்டத்தில் ஏழு வயசுப் பையன் ஒருத்தன். கண்ணாடிப் பெட்டிக்குள்ளே ஒரு நாள் நானும் உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு நினைச்சானாம். சிங்கப்பூரில் ஜெயிச்ச அன்னிக்கு குகேஷே சொன்னது.

ஆனந்த் பரிசு வாங்காத ஆள்னு நினைச்சுடாதீங்க. 2012 மே மாசம், மாஸ்கோ. கெல்ஃபாண்டோட பட்டப் போட்டி, ஏழாவது ஆட்டத்தில் ஆனந்த் தோத்திருக்கார். எட்டாவதில் கெல்ஃபாண்டின் ராணி உள்ளே புகுந்து எஃப்3 சிப்பாயை எடுத்து, எச்1 மூலையில் இருந்த யானையையும் எடுத்துடுச்சு. பார்க்கறவங்களுக்கு ஆனந்த் காலி மாதிரி தோணும். 17-ஆவது நகர்த்தலில் ஆனந்த் தன் ராணியை எஃப்2-ல் வெச்சார். எச்1-ல் இருக்கற ராணிக்கு வெளியே வர வழியில்லை. அடுத்து மந்திரி நகர்ந்தா ராணி போச்சு. கெல்ஃபாண்ட் கை குலுக்கினார். உலக சாம்பியன் போட்டி வரலாற்றில் முடிவு கண்ட ஆட்டங்களில் அதுதான் மிகக் குறைந்த நகர்த்தல். அங்கே எச்1-ல் ராணி, சிங்கப்பூரில் ஏ8-ல் மந்திரி. மூலை பொல்லாதது.

குகேஷுக்கு வருவோம். இவர் மட்டும் தப்பே பண்ணாதவரா? 2022 ஆகஸ்ட், மாமல்லபுரம் ஒலிம்பியாட். முதல் எட்டு ஆட்டமும் வெற்றி, ஊரே கொண்டாடுது. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவோட ஜெயிக்கற நிலை. இந்தியாவின் இரண்டாவது அணிக்குத் தங்கம் கையெட்டும் தூரத்தில். கடிகாரம் ஓட ஓட பிடி நழுவி, ஒரு தப்பில் டிராவும் போய் தோல்வி. சுற்று 2 - 2. கடைசியில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, நம்ம பையன்களுக்கு வெண்கலம். முதல் போர்டுக்கான தனிநபர் தங்கம் குகேஷுக்குக் கிடைச்சது, ஆனா அந்த ராத்திரி அது என்ன ஆறுதலாக இருந்திருக்கும்? பதினாறு வயசு.

2024 ஏப்ரல், டொராண்டோ கேண்டிடேட்ஸ். ஏழாவது சுற்றில் அலிரேஸாவோட நேர நெருக்கடியில் தோல்வி. அந்தத் தோல்விதான் தனக்கு வேகம் குடுத்ததுன்னு அவரே பின்னாடி சொன்னார். அந்தப் போட்டியின் கடைசி நாளில்கூட கருவானா நெப்போவை ஜெயிக்கற நிலையிலிருந்து விட்டு டிரா ஆனதால்தான் குகேஷுக்குத் தனியா முதலிடம் கிடைச்சது. அப்போ யாரும் கருவானா விட்டுக் குடுத்தார்னு சொல்லலை, கவனிச்சீங்களா?

டிங்குக்கும் ஒரு நியாயம் சொல்லணும். 2023-ல் பட்டம் வாங்கின பிறகு மன அழுத்தம், ஆட்டத்தில் சரிவு, தர வரிசையில் 20-க்கும் கீழே. குகேஷ் சுலபமா முடிச்சிடுவார்னு எல்லாரும் எழுதினாங்க. அந்த மனுஷன் முதல் ஆட்டத்தையே கருப்புக் காயோட ஜெயிச்சார், 11-ல் விழுந்து 12-ல் எழுந்தார். தோத்த பிறகு வந்து உட்கார்ந்து, முந்தின நாள் 13-ஆவது ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தில் தப்பிச்சதை நினைச்சா இந்த முடிவு நியாயம்தான், வருத்தமில்லைன்னு சொன்னார். விசாரணை கேட்டவர்களை விட அவர் பெரிய மனுஷன்.

வீட்டில் போர்டு இருந்தா ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. வெள்ளைக்கு ராஜா எஃப்2, மந்திரி ஏ8, சிப்பாய் ஜி3. கருப்புக்கு ராஜா ஈ5, மந்திரி ஈ6, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. யானை மாறின உடனே இருந்த நிலை, கருப்பு ஆடணும். மந்திரியை டி5-ல் வெச்சா வெள்ளை முடிஞ்சது. இப்போ அந்த ஏ8 மந்திரியை மட்டும் ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, 52-ஆவது நகர்த்தல் வரைக்கும் அது நின்னுட்டிருந்த பி7-ல் வைங்க. மத்ததெல்லாம் அப்படியே. கருப்பு டி5-க்கு வந்தா வெள்ளை சி8-க்கு நழுவிடும், எஃப்5 சிப்பாயையும் முறைக்கும். பத்து தடவை ஆடிப் பாருங்க, யாராவது ஜெயிக்கறாங்களான்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க.